ஒரு பாகையின் கனமும் கொழும்பின் ஆறாத இரவுகளும்

கொழும்பு மாநகரில் ஆண்டின் மிக வெப்பமான மாதத்துக்கும் மிகக் குளிர்ந்த மாதத்துக்கும் இடையிலான வேறுபாடு இரண்டு பாகை செல்சியசைக் கூட எட்டுவதில்லை. 1961 முதல் 1990 வரையான முப்பதாண்டுச் சராசரியின்படி மே மாதத்தின் வெப்பநிலை 28.3 பாகையாகவும் டிசெம்பர் மாதத்தினது ஏறத்தாழ 26.6 பாகையாகவும் இருந்தன. வெயில் கொளுத்துகிறதென்று நகரம் அலுத்துக்கொள்ளும் காலத்துக்கும், மார்கழி விடியலில் காலடியில் கிடக்கும் போர்வையை இழுத்து மூடிக்கொள்ளும் காலத்துக்கும் இடையே உள்ள தூரம் முழுவதும் அந்த 1.7 பாகைக்குள் அடங்கிவிடுகிறது. ஒரு பிரதேசத்தின் ஆண்டு வெப்பநிலை நீண்டகாலத்தில் அரைப் பாகை கூடியது, ஒரு பாகை கூடியது என்று அறிக்கைகள் கூறும்போது இதெல்லாம் ஒரு கணக்கா என்று எழும் ஐயத்துக்கு விடை இந்தச் சிறிய அளவுகோலிலேயே இருக்கிறது.

ஜனவரிக்கும் ஜூலைக்கும் இடையில் பதின்மூன்று பாகை அளவுக்கு ஏறி இறங்கும் இலண்டன் போன்ற நகரத்தில் ஒரு பாகை என்பது பருவ மாற்றத்தின் சிறு பின்னமே. கொழும்பிலோ அது ஆண்டு முழுவதும் நிகழும் ஏற்றவிறக்கத்தில் பாதிக்கும் அதிகமாகும். மேற்கூறிய முப்பதாண்டுச் சராசரியின் ஒவ்வொரு மாதத்தோடும் ஒரு பாகையைக் கூட்டிப் பார்த்தால் இதன் பொருள் தெளிவாகும். அப்போது டிசெம்பர் மாதம் ஏறத்தாழ முன்னைய மார்ச் மாதமாகிவிடும். மார்ச் தொடக்கம் செப்ரெம்பர் வரையான ஏழு மாதங்களும், முன்பு ஆண்டின் உச்ச வெப்பமாக இருந்த மே மாதத்தை விடவும் வெப்பமானவையாகிவிடும். வெப்பமான ஒரு மாதம் வந்து போகும் நகரம், அதனிலும் வெப்பமான ஏழு மாதங்களில் குடியிருக்கும் நகரமாக மாறுவதற்கு ஒரு பாகை போதும் என்பதே இந்தக் கூட்டற்கணக்கு சொல்லும் செய்தி.

எண் பிறக்கும் இடம்

ஆண்டுச் சராசரி வெப்பநிலை என்பது கருவியில் நேரடியாகத் தோன்றும் எண் அன்று. அது படிப்படியாகக் கணக்கிட்டுப் பெறப்படுவது. தரையிலிருந்து ஏறக்குறைய ஒன்றேகால் மீற்றர் முதல் இரண்டு மீற்றர் வரையான உயரத்தில், நான்கு கால்களின் மேல், காற்றுப் புகும் சரிந்த பலகைகளைக் கொண்டு செய்து வெள்ளை வர்ணம் பூசிய ஒரு மரப்பெட்டி நிற்கும்; வெயில் நேரே படாமலும் மழை நனைக்காமலும் காற்றின் வெப்பத்தை மட்டும் அளப்பதற்காக, ஸ்கொட்லாந்துப் பொறியியலாளர் தோமஸ் ஸ்டீவன்சன் அதை வகுத்த காரணத்தால் அது ஸ்டீவன்சன் பெட்டி எனப்படுகிறது. அதனுள் படுக்கைவாட்டில் வைக்கப்படும் இரண்டு வெப்பமானிகளில் ஒன்றில் இரசம் ஏறிய பின் தானாக இறங்காதவாறு குழாயின் கழுத்து குறுக்கப்பட்டிருக்கும். அது பகலின் உச்சத்தைக் காட்டும். மற்றையதில் மதுசாரத்தினுள் கிடக்கும் ஒரு சிறு குச்சி, வெப்பநிலை இறங்கும்போது திரவத்தின் விளிம்போடு பின்னிழுபட்டு, மிகத் தாழ்ந்த இடத்தில் நின்றுவிடும். அது இரவின் தாழ்வைக் காட்டும். இவ்விரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் அந்த நாளின் சராசரியும், நாள்களைத் தொகுத்தால் மாதத்தினதும் ஆண்டினதும் சராசரியும் கிடைக்கும்.

கொழும்பில் இந்த வேலை மிகப் பழையது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நில அளவையாளர் நாயகத்தின் திணைக்களத்தின் பொறுப்பில் தொடங்கிய பதிவுகள், 1907 ஆம் ஆண்டில் கொழும்பு அவதான நிலையம் நிறுவப்பட்டதோடு ஒழுங்கான நிரந்தர வடிவம் பெற்றன. 1948 இல் வளிமண்டலவியல் திணைக்களம் தனித் திணைக்களமாக உருவானது. அன்று புல்லர்ஸ் வீதியாக இருந்து இன்று பௌத்தாலோக மாவத்தை எனப்படும் பாதையில், கொழும்பு 7 இல் அதன் தலைமையகம் அமைந்திருக்கிறது. ஆட்சிகள் மாறியபோதும், உலகப் போர்கள் இரண்டு நடந்தபோதும், நாடு சுதந்திரம் பெற்றபோதும், நாட்டின் பெயரே மாறியபோதும் காலையில் ஒருவர் பெட்டியைத் திறந்து எண்களைக் குறித்துக்கொண்டு மூடினார் என்ற தொடர்ச்சியே இன்று நீண்டகால மாற்றம் குறித்துப் பேசுவதற்கு வழி செய்திருக்கிறது.

ஓர் ஆண்டின் எண்ணைக் கொண்டு காலநிலை பற்றித் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்பது இத்துறையின் பாலபாடம். கிழக்குப் பசுபிக் சமுத்திரத்தின் மேற்பரப்பு வழமையை விட வெப்பமடையும் எல் நினோ நிகழ்ந்த 1997–98, 2015–16, 2023–24 ஆகிய காலங்களில் உலக வெப்பநிலையும் மேலெழுந்தது. மாறாக, 1991 ஜூன் மாதத்தில் பிலிப்பைன்ஸின் பினாட்டுபோ எரிமலை வெடித்து வளிமண்டலத்தின் மேலடுக்கில் பரப்பிய நுண்துகள்கள் சூரிய ஒளியின் ஒரு பங்கைத் திருப்பியனுப்பியதால், அடுத்த ஆண்டில் உலகச் சராசரி ஏறத்தாழ அரைப் பாகை தாழ்ந்தது. இத்தகைய வந்துபோகும் ஏற்றவிறக்கங்கள் ஒன்றையொன்று சமன் செய்துகொள்ளும் அளவுக்கு நீண்ட காலமாக முப்பது ஆண்டுகளை உலக வளிமண்டலவியல் நிறுவனம் வகுத்திருக்கிறது. ஒரு முப்பதாண்டுச் சராசரியை அடுத்ததோடு ஒப்பிடும்போதுதான் வானிலையின் இரைச்சல் அடங்கிக் காலநிலையின் குரல் கேட்கும்.

அந்தக் குரல் இலங்கையைப் பொறுத்தவரை ஐயத்துக்கு இடமின்றி ஒலிக்கிறது. 1961 முதல் 1990 வரையான காலத்தில் நாட்டின் ஆண்டுச் சராசரி வெப்பநிலை ஆண்டொன்றுக்கு 0.016 பாகை வீதம் உயர்ந்ததாக வளிமண்டலவியல் திணைக்களத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். மூன்று தசாப்தங்களில் அது ஏறத்தாழ அரைப் பாகையாகும். அதே வேகத்தில் ஆறு தசாப்தங்கள் சென்றால் மேலே கணக்கிட்டுக் காட்டிய முழுப் பாகை வந்துசேரும். அயலில் நிகழ்வதும் இதனோடு ஒத்துப்போகிறது. 1901 முதல் 2018 வரை இந்தியாவின் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 0.7 பாகையும், 1951 முதல் 2015 வரை வெப்பவலய இந்து சமுத்திரத்தின் மேற்பரப்பு ஏறத்தாழ ஒரு பாகையும் உயர்ந்தன என இந்தியாவின் தேசிய மதிப்பீடு 2020 இல் பதிவுசெய்தது. கைத்தொழில் யுகத்துக்கு முன்பு பத்து இலட்சத்தில் 280 பங்காக இருந்த காபனீரொட்சைட்டு 420 பங்கைக் கடந்துவிட்ட உலகில், 2011–2020 தசாப்தம் 1850–1900 காலத்தை விட 1.1 பாகை வெப்பமானதாக இருந்தது. 2024 ஆம் ஆண்டு 1.5 பாகையைக் கடந்த முதலாவது நாட்காட்டி ஆண்டாக அமைந்தது.

மாற்றத்தின் அளவு துருவப் பகுதிகளில்தான் பெரிது என்பது உண்மை. ஆயினும், மாற்றம் முதலில் துலங்கித் தெரிவது வெப்பவலயத்தில் ஆகும். ஆண்டுக்கு ஆண்டு வெப்பநிலை பெரிதும் ஊசலாடும் இடங்களில் மெல்லிய உயர்வொன்று அந்த ஊசலாட்டத்துக்குள் பல காலம் மறைந்திருக்கும். கடலால் சூழப்பட்டு ஆண்டுதோறும் ஏறத்தாழ ஒரே அளவில் நிற்கும் கொழும்பு போன்ற இடங்களில், அசையாத குளத்தில் விழுந்த சிறுகல்லின் அலை போல அது விரைவில் வெளிப்பட்டுவிடும். உடலும் பயிரும் கட்டடமும் ஒரு குறுகிய வெப்பவரம்புக்குப் பழகிப்போன ஊரில், அந்த வரம்பைத் தாண்டுவதற்குப் பெரிய உயர்வு தேவைப்படுவதில்லை.

உயர்வு ஒளிந்திருப்பது இரவில்

சராசரி என்பது இரு எண்களைக் கூட்டி வகுத்துப் பெறுவதால், உயர்ந்தது எது என்பதை அது மறைத்துவிடுகிறது. இலங்கையின் பதிவுகளைப் பகல் வேறு, இரவு வேறு எனப் பிரித்துப் பார்த்த ஆய்வுகள், ஆண்டுச் சராசரியின் உயர்வுக்குப் பகல் உச்சத்தின் ஏற்றத்தை விட இரவுத் தாழ்வின் ஏற்றமே கூடுதலான பங்களிப்புச் செய்திருப்பதைக் காட்டின. காலநிலை மாற்றம் தொடர்பாக இலங்கை ஐக்கிய நாடுகள் சபைக்குச் சமர்ப்பித்த தேசிய அறிக்கையிலும் இது இடம்பெற்றுள்ளது. பொதுப் பேச்சிலோ இதற்கு நேர்மாறான நிலையே நிலவுகிறது. ஏப்ரல் முதல் அரைப்பகுதியில் சூரியன் இலங்கைக்கு நேர் மேலாக உச்சம் கொடுக்கும் நாள்கள் ஊர் ஊராக அறிவிக்கப்படுகின்றன; எந்த ஊரில் எத்தனை பாகை வெயில் என்பது செய்தியாகிறது; முந்திய இரவு எத்தனை பாகைக்குக் கீழ் இறங்கவில்லை என்பது செய்தியாவதில்லை.

இரவின் வெப்பம் உடலுக்கு ஏன் முக்கியமானது என்பதை விளக்குவது எளிது. உறக்கம் வருவதற்கு உடலின் உள்வெப்பம் சற்றுத் தணிய வேண்டும். பகல் முழுவதும் வெயிலில் நின்ற உடல் தனது களைப்பைத் தீர்த்துக்கொள்வதும், இதயம் தனது வேகத்தைக் குறைத்துக்கொள்வதும் அந்தத் தணிவிலேயே நிகழ்கின்றன. உடல் வெப்பத்தை வெளியேற்றும் முதன்மையான வழி வியர்வை ஆவியாதல் ஆகும். காற்று ஏற்கெனவே ஈரத்தால் நிறைந்திருந்தால் வியர்வை ஆவியாகாமல் தோலிலேயே வழியும். காற்றில் உள்ள நீராவி, அந்த வெப்பநிலையில் காற்று தாங்கக்கூடிய முழு நீராவியில் எத்தனை வீதம் என்பதே சாரீரப்பதன்; வெப்பநிலை தாழும்போது தாங்கும் அளவும் தாழ்வதால் கொழும்பின் இரவுகளில் இந்த வீதம் பகலை விட உயர்ந்து நிற்கிறது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து வெள்ளவத்தையில் குடியேறியோர் இந்த நிலைக்கு வழங்கும் சொல் அவிச்சல் என்பதாகும். வெப்பமும் ஈரமும் சேர்ந்து ஆளை இட்டலி போல அவிக்கின்ற அனுபவத்தை, வெயில் என்ற சொல்லோ சூடு என்ற சொல்லோ இவ்வளவு கச்சிதமாகப் பிடித்ததில்லை.

அறிவியல் இதே அனுபவத்தை வெப்பச் சுட்டெண் என்ற கணிப்பினால் அளக்கிறது. வெப்பநிலையையும் சாரீரப்பதனையும் இணைத்து உடல் உணரும் வெப்பத்தை அது மதிப்பிடுகிறது. இந்தச் சுட்டெண் 39 முதல் 45 வரை செல்லுமென எதிர்பார்க்கப்படும் நாள்களில் மேல் மாகாணம் உள்ளிட்ட பகுதிகளுக்கு வளிமண்டலவியல் திணைக்களம் கூடுதல் அவதான அறிவித்தல்களை விடுக்கிறது. நீர் அருந்துதல், நிழலில் இளைப்பாறுதல், சிறுவர்களை வாகனங்களில் தனியே விடாதிருத்தல் போன்ற அறிவுரைகள் அவற்றில் இடம்பெறுகின்றன. பயனுள்ள ஏற்பாடு இது. ஆயினும் அந்தக் கணிப்புக்கு எடுத்துக்கொள்ளப்படுவது அன்றைய உச்ச வெப்பநிலையாகையால், பதிவேட்டில் அதிகமாக மாறிவரும் இரவு, எச்சரிக்கை ஏற்பாட்டின் பார்வைக்கு வெளியே நின்றுவிடுகிறது.

கறுவாத்தோட்டத்துப் புல்தரையும் கொட்டாஞ்சேனை முடுக்கும்

நகரம் தனது சுற்றுப்புறத்தை விட வெப்பமாக இருக்கும் நிலைக்கு நகர வெப்பத்தீவு என்று பெயர். இது இரவிலேயே வெகுவாக உணரப்படுகிறது. பகலில் வெயிலை வாங்கிக்கொண்ட கொங்கிறீற்றுத் தளங்களும் தார் வீதிகளும் மதில்களும் சூரியன் மறைந்த பின்பு அந்த வெப்பத்தைச் சிறுகச் சிறுக வெளிவிடுகின்றன. திறந்த வெளியில் அது வானத்தை நோக்கிச் சென்றுவிடும், நெருங்கிய கட்டடங்களுக்கிடையில் எதிர்ச்சுவரில் பட்டு அங்கேயே சுழலும். நிலத்தை மூடியதால் மண்ணீர் ஆவியாவதும், மரங்களை வெட்டியதால் இலைகளிலிருந்து நீர் ஆவியுயிர்ப்பதும் நின்றுபோகின்றன; இவை இரண்டும் காற்றிலிருந்து வெப்பத்தை எடுத்துக்கொண்டு நிகழ்பவை. இவற்றோடு வாகனங்களும் குளிரூட்டிகளும் வெளியேற்றும் வெப்பம் சேர்கிறது.

வெள்ளவத்தையின் மாற்றம் இதற்குக் கண்கண்ட சான்று. 1983 ஆம் ஆண்டு வன்செயலுக்குப் பின்பும், குறிப்பாக 1990களிலிருந்து வடக்கிலிருந்து வந்தோரின் தொகை பெருகியபோதும், காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒழுங்கைகளில் முற்றமும் மாமரமும் ஓட்டுக்கூரையும் கொண்டிருந்த தனிவீடுகள் ஒவ்வொன்றாகத் தொடர்மாடிகளாயின. அங்கே வீடு தேடியோரின் தேவை நியாயமானது. போரிலிருந்து தப்பி வந்தவர்களுக்கு மாமரத்தை விட இருப்பிடம் பெரிது. ஆனால், பத்து மாடிக் கட்டடங்கள் தோளோடு தோள் சேர்ந்து நின்றபோது, பகலில் கடலிலிருந்து நிலத்தை நோக்கி வீசும் கடற்காற்று கரையோர முதல் வரிசைக்குக் கிடைத்து, அதற்குப் பின்னுள்ள வரிசைகளுக்கு மெலிந்தது. ஒழுங்கையின் இருபுறத்துச் சுவர்களிலும் தொங்கும் குளிரூட்டிகளின் வெளிப்பெட்டிகள் ஒன்றின் முகத்தில் மற்றொன்று வெப்பக் காற்றை ஊதுகின்றன. ஓர் அறை குளிர்வதற்காக வெளியே தள்ளப்படும் வெப்பம், எதிர்வீட்டில் மின்விசிறியை மட்டும் நம்பியிருப்பவரின் யன்னல் வழியாக உள்ளே நுழைகிறது.

கொட்டாஞ்சேனையின் நிலை வேறு விதமானது. புனித லூசியாள் பேராலயத்தைச் சுற்றியும் ஜம்பட்டா வீதி, புளூமெண்டால் வீதி ஆகியவற்றை அண்டியும் உள்ள முடுக்குகளில் வீடுகள் உயரத்தால் அன்றி நெருக்கத்தால் வெப்பமடைகின்றன. பக்கச் சுவர்கள் இரண்டும் அடுத்த வீட்டோடு பொதுவானவை. பின்னால் யன்னல் இல்லை. மேலே தகரமோ அஸ்பெஸ்ரஸ் தகடோ நேரே வெயிலை வாங்கி, தலைக்கு எட்டும் உயரத்திலிருந்து உள்ளே இறக்குகிறது. இருக்கும் ஒரே வாசற்கதவும் பாதுகாப்புக் கருதி இரவில் அடைக்கப்படுகிறது. இதே பகுதியிலிருந்து நடைதூரத்தில், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லால் எழுப்பிய கொச்சிக்கடை பொன்னம்பலவாணேசுவரர் ஆலயத்தினுள் நண்பகலில் நுழைபவரின் உள்ளங்காலில் கல் குளிர்ந்திருக்கும். தடித்த கல் வெப்பத்தை மெல்ல வாங்குவதும், உயர்ந்த மண்டபங்களில் சூடான காற்று மேலெழுந்து செல்வதும் அதற்குக் காரணங்கள். பொருளின் தடிப்பும் கூரையின் உயரமும் காற்றின் வழியும் வெப்பத்தைத் தீர்மானிக்கின்றன என்பதை அந்த மண்டபமும் முடுக்கு வீடும் அருகருகே நின்று காட்டுகின்றன.

மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ரொஹின்டன் எம்மானுவேலும் சுவீடன் நாட்டு ஆய்வாளர் எரிக் ஜொஹான்சனும் கொழும்பின் வெவ்வேறு தெருக்களை அளந்து 2006 ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிவுகள் இவ்விடத்தில் கருதத்தக்கவை. தாழ்ந்த கட்டடங்களோடு நிழல் மரங்கள் இன்றி அகன்று கிடந்த வீதிகளே பகலில் உடலுக்கு மிகவும் பாதகமாக இருந்தன. உயர்ந்த கட்டடங்களுக்கிடைப்பட்ட ஒடுங்கிய தெருக்கள், அதிலும் மர நிழல் உள்ளவையும் கடற்காற்று எட்டுபவையும், ஒப்பீட்டளவில் இதமானவையாக இருந்தன. அகல வீதியும் தாழ்ந்த கட்டடமும்தான் குளிர்ச்சி தரும் என்ற பொதுவான எண்ணத்தை இது திருத்துகிறது. ஆயினும், பகலில் வெயிலை மறைத்து நன்மை செய்த அதே உயர்ந்த சுவர்கள், இரவில் வானத்தை மறைத்து வெப்பம் வெளியேறுவதைத் தாமதப்படுத்தக்கூடியவை. ஆகவே நெருக்கமா, இடைவெளியா என்பது ஒற்றை விடையுள்ள கேள்வி அன்று. பகலுக்கு நிழலும் இரவுக்குக் காற்றோட்டமும் ஒருங்கே கிடைக்கும்படி கட்டடங்களை நிறுத்துவதே நகரத் திட்டமிடலின் உண்மையான சவால்.

இங்கே ஒரு மறுப்பு எழக்கூடும். 1907 இல் திறந்த சூழலில் தொடங்கிய அவதான நிலையத்தைச் சுற்றி நகரம் வளர்ந்துவிட்டதால், அங்கு பதிவான உயர்வின் ஒரு பகுதி உலகக் காலநிலையின் விளைவன்று, நகரத்தின் விளைவு என்று வாதிடலாம். அதில் உண்மை உண்டு. ஒற்றை நிலையத்தின் எண்களை வைத்து இரண்டையும் பிரித்துவிட இயலாது. எனினும், கட்டடமோ தார் வீதியோ இல்லாத இந்து சமுத்திரமும் வெப்பமடைந்திருப்பது, நகரத்தை மட்டும் காரணமாகக் காட்ட முடியாது என்பதை உணர்த்துகிறது. வியர்த்து விழித்திருப்பவரின் உடலுக்கு இந்த வேறுபாடு தெரியாது. கொள்கை வகுப்போருக்குத் தெரிந்திருக்க வேண்டும். உலகம் கூட்டிய பங்கைக் கொழும்பு தனித்து நின்று குறைக்க இயலாது, ஏனெனில் உலகின் காபனீரொட்சைட்டு வெளியீட்டில் இலங்கையின் பங்கு மிகச் சிறிது. நகரம் தானே கூட்டிக்கொண்ட பங்கையோ நகரமே குறைக்கலாம். எது எவ்வளவு என்று அறிவதற்கு முதலில் அளக்க வேண்டும்.

அளவை தொடங்குமிடத்திலேயே சிக்கலும் தொடங்குகிறது. மாநகர எல்லைக்குள் நூறாண்டைக் கடந்த பதிவைக் கொண்டிருப்பது கொழும்பு 7 இன் அந்த ஒரே நிலையம். இரத்மலானையிலும் கட்டுநாயக்காவிலும் உள்ளவை விமான நிலையங்களின் திறந்த வெளிகளைச் சார்ந்தவை. அவை அவ்வாறு அமைந்திருப்பது குற்றமன்று. பிரதேசத்தின் காலநிலையை அளக்கும் பெட்டி, சுவரின் வெப்பமும் கூரையின் நிழலும் படாத புல்தரையில் நிற்க வேண்டும் என்பதே சர்வதேச விதி. ஆனால், கொழும்பு 7 எனப்படும், மரங்கள் அடர்ந்த கறுவாத்தோட்டத்தின் புல்தரையில் எடுத்த எண், ஜம்பட்டா வீதியின் முடுக்கிலோ வெள்ளவத்தையின் ஒன்பதாம் மாடியிலோ படுத்திருப்பவரின் இரவையும் குறிப்பதாக எடுத்துக்கொள்ளப்படுவதே பிழை. நகரத்தின் வெப்பநிலை ஓரிடத்தில் அளக்கப்படுகிறது, வேறோர் இடத்தில் அனுபவிக்கப்படுகிறது.

இருட்டில் தெரிந்த ஏற்றத்தாழ்வு

அளவைக்கும் அனுபவத்துக்கும் இடையிலான அந்த இடைவெளி எவ்வளவு என்பதை 2022 ஆம் ஆண்டின் மார்ச் இறுதி நகரத்துக்குக் காட்டியது. அந்நியச் செலாவணி இன்றி எரிபொருள் வற்றிப்போய், நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு அமுலான அந்நாள்களில், தொடர்மாடிகளின் மின்விசிறிகளும் குளிரூட்டிகளும் ஒரே நேரத்தில் நின்றன. மின்தூக்கி நின்றதால் முதியோர் கீழே இறங்கிக் கடற்கரைக் காற்றை வாங்கவும் வழியற்றுப்போயினர். யன்னலைத் திறந்தால் காற்று வரும் வகையில் கட்டப்பட்ட பழைய வீடுகளில் இருந்தோர் ஓரளவு தாக்குப்பிடிக்க, குளிரூட்டியை நம்பிக் கட்டப்பட்ட அறைகள் அடுப்பறைகளாயின. அதே ஆண்டு ஓகஸ்ட்டில் 75 வீதமும் 2023 பெப்ரவரியில் 66 வீதமும் மின்கட்டணம் உயர்ந்தபோது, குளிர்ச்சி என்பது வருமானத்தைப் பொறுத்த பண்டமாயிற்று. மின்சாரமே ஒரே மருந்தாக இருக்கும் நகரத்தில் மின்சாரம் நின்றாலும் விலை உயர்ந்தாலும் முதலில் துன்புறுவோர் யாரென்பதைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

மின்சாரம் வேண்டாத குளிர்ச்சியும் கொழும்புக்கு வாய்த்திருந்தது. நகரின் கிழக்கே கொலன்னாவை, பெத்தகான, தலங்கமை எனப் பரந்திருக்கும் சதுப்பு நிலங்கள் வெள்ளத்தை உறிஞ்சுவதோடு, நீரை ஆவியாக்கிச் சுற்றுப்புறக் காற்றைத் தணிக்கவும் செய்கின்றன. அவற்றின் சிறப்புக்காக 2018 ஒக்ரோபரில் ராம்சார் உடன்படிக்கையின் கீழ் உலகில் முதன்முதலாகச் சதுப்புநில நகரங்களாக ஏற்கப்பட்ட 18 நகரங்களுள் கொழும்பும் ஒன்றாயிற்று. அந்தப் பெருமை நிலைக்க வேண்டுமானால் சதுப்பை நிரப்பிக் காணியாக்கும் வழக்கம் நிற்க வேண்டும். எனினும், சதுப்பு நிலத்தின் தண்மை அதன் அயலைத் தாண்டி வெகுதூரம் செல்வதில்லை. வெள்ளவத்தைக்கும் கொட்டாஞ்சேனைக்கும் எஞ்சியிருக்கும் நீர்வழிகள், கழிவும் பிளாஸ்டிக்கும் தேங்கும் வெள்ளவத்தைக் கால்வாய், சென் செபஸ்தியான் கால்வாய் போன்றவையே. அவற்றின் கரைகளில் மரங்களை நட்டு நிழல் நடைபாதைகளாக்குவது அழகுபடுத்தும் வேலையாக மட்டும் கருதப்படாமல், வெப்பத் தணிப்பு வேலையாகவும் கணக்கில் கொள்ளப்பட வேண்டும்.

வெப்பத்தை ஓர் அனர்த்தமாக ஏற்று நகரமே திட்டமிடுவது தெற்காசியாவுக்குப் புதிதன்று. 2010 மே மாதத்து வெப்ப அலையில் வழமைக்கு மேலாக ஆயிரத்து முந்நூறுக்கும் அதிகமானோர் இறந்த பின், இந்தியாவின் அகமதாபாத் மாநகராட்சி 2013 இல் வெப்பச் செயற்றிட்டமொன்றைத் தொடங்கியது; முன்னெச்சரிக்கை, மருத்துவமனைகளின் ஆயத்தம், குடிசைக் கூரைகளுக்கு வெள்ளை பூசுதல் ஆகியவற்றை அது ஒன்றிணைத்தது. 2024 இல் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. அகமதாபாத்தின் வறண்ட நாற்பதுக்கு மேற்பட்ட பாகைகள் கொழும்புக்கு வருவதில்லையாதலால் அந்தத் திட்டத்தை அப்படியே பெயர்த்து நடுவதில் பயனில்லை. கொழும்பின் வெப்பம் உச்சத்தில் கொல்லும் வகையினதன்று. இரவுதோறும் சிறிது சிறிதாக உறக்கத்தைத் தின்னும் வகையினது. அதற்கேற்ற திட்டம் இரவிலிருந்தே தொடங்க வேண்டும்.

அதன் முதற்படிக்குப் பெருஞ்செலவு தேவையில்லை. மாநகர சபையும் வளிமண்டலவியல் திணைக்களமும் இணைந்து, நெருக்கமான வட்டாரங்களின் பாடசாலைகள், ஆலயங்கள், தேவாலயங்கள், நூலகங்கள் ஆகியவற்றில் இரவு வெப்பநிலையையும் ஈரப்பதனையும் பதியும் கருவிகளை நிறுவி, அவற்றைப் பௌத்தாலோக மாவத்தையின் கருவிகளோடு ஒப்பிட்டுச் சீர்செய்து, அந்த எண்களை மும்மொழிகளிலும் நாள்தோறும் வெளியிடலாம். கொட்டாஞ்சேனையில் ஒரு பாடசாலையும், 1942 இல் தொடங்கப்பட்டு இன்று வெள்ளவத்தை 57 ஆம் ஒழுங்கையில் இயங்கும் கொழும்புத் தமிழ்ச் சங்கம் போன்ற ஒரு நிறுவனமும் இதற்கு இடமளித்தால், அறிவியல் பதிவு சமூகத்தின் பொறுப்பிலும் பங்குபெறும். வெப்ப எச்சரிக்கையில் இரவுத் தாழ்வும் சேர்க்கப்பட வேண்டும். மின்வெட்டு தவிர்க்க இயலாத காலங்களில் எந்த வட்டாரத்துக்கு எந்த நேரத்தில் என்பதை அந்த எண்களைக் கண்டே தீர்மானிக்க வேண்டும். கரையோரத்தில் புதிய கட்டடத்துக்கு அனுமதி வழங்கும் நகர அபிவிருத்தி அதிகார சபை, அதற்குப் பின்னாலுள்ள ஒழுங்கைக்குக் காற்று செல்லும் வழியையும் கட்டடத்தின் பரப்பளவைப் போலவே கேட்டறிய வேண்டும்.

காலநிலைக்கு முப்பது ஆண்டுகள் வேண்டும் என்ற விதி இங்கே ஓர் அவசரத்தை உண்டாக்குகிறது. 1991 முதல் 2020 வரையான முப்பதாண்டுச் சராசரி பௌத்தாலோக மாவத்தைக்கு உண்டு. வெள்ளவத்தை தொடர்மாடிகளால் நிறைந்ததும் கொட்டாஞ்சேனையின் முடுக்குகள் மேலும் நெருங்கியதும் அதே முப்பது ஆண்டுகளிலாயினும், அந்த இரவுகள் எவராலும் எண்ணப்படாமலேயே கழிந்துவிட்டன, இனி அவற்றை மீட்க வழியில்லை. இன்றிரவு கொட்டாஞ்சேனையில் குறிக்கப்படும் ஓர் எண் தனித்து எதையும் நிறுவாது. 1907 இல் அவதான நிலையத்தில் குறிக்கப்பட்ட முதல் எண்ணும் தனித்து எதையும் நிறுவியதில்லை.